சொன்னபடி கேட்கிற பிள்ளை பாதுகாப்பான பிள்ளை அல்ல

“ரொம்ப அமைதியான பொண்ணு. யார் என்ன சொன்னாலும் கேட்டுக்குவா. ஒரு தொந்தரவு கிடையாது.”

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் இதைவிடப் பெரிய பாராட்டு கிடையாது. சிறப்புப் பள்ளியிலும் அப்படித்தான். பிள்ளை சேர்ந்த நாளிலிருந்து போடப்படும் மதிப்பீட்டுத் தாளைப் பாருங்கள். ஒரு படிக் கட்டளையைப் பின்பற்றுகிறாளா, இரண்டு படிக் கட்டளையைப் பின்பற்றுகிறாளா என்றுதான் கேள்விகள் போகும். உட்கார் என்றால் உட்கார வேண்டும். கையைக் கொடு என்றால் கொடுக்க வேண்டும். வாயைத் திற என்றால் திறக்க வேண்டும். செய்துவிட்டால் ஒரு டிக், ஒரு கைதட்டல், ஒரு ஜெம்ஸ் மிட்டாய். ‘மாட்டேன்’ என்று சொல்லத் தெரிகிறதா என்று கேட்கும் கட்டத்தை நான் அந்தத் தாள்களில் தேடித்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நான் சிறப்பாசிரியர். பிள்ளைகளின் பாலியல் பாதுகாப்பு பற்றிப் பெற்றோர் கூட்டத்தில் பேச எழும்போதெல்லாம் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இந்தத் தாள்தான். ஏனென்றால் நம் பிள்ளைகளைக் குறிவைத்து வருகிறவனும் இதே பட்டியலைத்தான் எதிர்பார்க்கிறான். கூப்பிட்டால் வர வேண்டும், சொன்னதைச் செய்ய வேண்டும், எதிர்க்கக் கூடாது, வெளியே சொல்லத் தெரியக் கூடாது. வருடக்கணக்கில் நாம் கைதட்டிக் கைதட்டிப் பழக்கியதை அவன் ஒரே நாளில் தனக்குச் சாதகமாக்கிக்கொள்கிறான்.

கண்ணும் கருத்துமாகப் பார்த்துக்கொள்வது அவசியம். அதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் மறுத்துப் பேசும் உரிமையை அன்றாடம் அனுபவித்து வளராத பிள்ளையை எந்தக் காவலும் முழுதாகக் காப்பாற்றாது. இந்தப் பதிவு முழுக்க நான் சொல்லப்போவது இதைத்தான்.

ஆபத்து எவ்வளவு பெரியது

உலக சுகாதார நிறுவனத்தின் முயற்சியில் பல ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் லான்செட் மருத்துவ இதழில் ஒரு கட்டுரை வந்தது. பெரும்பாலும் பணக்கார நாடுகளின் தரவுதான். மற்றப் பிள்ளைகளோடு ஒப்பிட்டால் மாற்றுத்திறனாளிக் குழந்தைகள் பாலியல் வன்முறைக்கு ஆளாகும் அபாயம் 2.9 மடங்கு என்றது அது. மனநலக் குறைபாடோ அறிவுசார் குறைபாடோ உள்ள பிள்ளைகளுக்கு அது 4.6 மடங்கு. 2018இல் அமெரிக்காவின் என்பிஆர் வானொலி, அந்நாட்டு நீதித்துறையிடமிருந்து வாங்கிய தரவை வைத்து வெளியிட்ட தொடர் இன்னும் கலங்க வைத்தது. குறைபாடு இல்லாதவர்களைவிட அறிவுசார் குறைபாடுள்ளவர்கள் ஏழு மடங்கு அதிகமாகப் பாலியல் தாக்குதலுக்கு ஆளாகிறார்கள் என்பது அதன் சாரம். நம் நாட்டில் 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தக் குறைபாடு உள்ளவர்கள் 15 லட்சம் பேர். கணக்கெடுக்க வந்தவரிடம் சொல்லாமல் மறைத்த வீடுகள் இதில் சேராது.

செய்கிறவன் யார்? 18 வயதுக்குக் கீழுள்ளவர்களைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின்கீழ் வரும் வழக்குகளில் பத்தில் ஒன்பதுக்கும் மேல் குற்றம் சாட்டப்பட்டவர் பிள்ளைக்குத் தெரிந்தவர் என்று தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் ஆண்டுதோறும் சொல்கின்றன. நம் பிள்ளைகளைச் சுற்றித் தெரிந்தவர்களின் வட்டம் இன்னும் பெரியது. வேன் ஓட்டுபவர், ஏற்றி இறக்குபவர், குளிப்பாட்டி விடுபவர், பிசியோதெரபி கொடுப்பவர், விடுதிக் காப்பாளர், ‘பாவம் பிள்ளை’ என்று தின்பண்டம் வாங்கித்தரும் அக்கம்பக்கத்தார், வீட்டுக்குள்ளேயே இருக்கும் உறவுக்காரர். இவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள். அவர்கள் தோள் கொடுக்காவிட்டால் நம் குடும்பங்கள் ஒருநாள்கூட ஓடாது. ஆனால் தீங்கு நினைக்கும் ஒருவனுக்கு இந்த வட்டத்துக்குள் நுழைவது மிகச் சுலபம் என்பதும் உண்மை.

சென்னை அயனாவரம் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். செவித்திறன் குறைபாடுள்ள 11 வயதுச் சிறுமியை அதே கட்டடத்தில் வேலை பார்த்தவர்கள் மாதக்கணக்கில் சீரழித்தது 2018 ஜூலையில் வெளியே வந்தது. காவலாளி, லிஃப்ட் இயக்குபவர், பிளம்பர் என்று 17 பேர் கைதானார்கள். 2020 பிப்ரவரியில் 15 பேருக்குத் தண்டனை கிடைத்தது. காம்பவுண்டுச் சுவர், கேட், காவலாளி எல்லாமே இருந்த இடம் அது.

“அதுக்கு ஒண்ணும் தெரியாது”

பெற்றோர் கூட்டத்தில் உடம்பு பற்றிப் பேசத் தொடங்கியதும் யாராவது ஒருவர் குறுக்கிடுவார். “எம் பொண்ணு குழந்தை மாதிரி டீச்சர். அதுக்கு ஒண்ணும் தெரியாது. இதெல்லாம் சொல்லிக்கொடுத்து நாமளே கெடுக்கணுமா?”

அந்த அம்மாவின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் பதினாறு வயதில் அந்தப் பெண்ணின் உடம்பு மற்றப் பதினாறு வயதுப் பெண்களின் உடம்புதான். மாதவிடாய் வருகிறது, மார்பு வளர்கிறது, ஆசையும் கூச்சமும் வருகின்றன. பையனுக்கு மீசை அரும்புகிறது, தூக்கத்தில் விந்து வெளியேறுகிறது. அவன் பயந்துபோய் ஈரத் துணியை ஒளித்து வைக்கிறான். யாரும் விளக்காததால் தன் உடம்பில் நடப்பது எல்லாமே ரகசியம் என்று நினைத்துக்கொள்கிறான். ‘இது நமக்குள்ள ரகசியம்’ என்று ஒருவன் வந்து சொல்லும்போது, அந்தப் பிள்ளைக்கு அது புதிதாகத் தெரிவதில்லை.

தெரியாமல் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு என்ற எண்ணம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்குப் புனே நகரத்துச் சம்பவம் ஒன்று போதும். 1994இல் அரசு இல்லத்தில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்களுக்கு அங்குள்ள சசூன் மருத்துவமனையில் கர்ப்பப்பை அகற்றும் அறுவை சிகிச்சை செய்தார்கள். நாடெங்கும் பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்தன. மாதவிடாய் நாள்களில் சுத்தம் பேண முடியாது என்று அன்று காரணம் சொன்னார்கள். இன்றும் சில பெற்றோர் மெல்லிய குரலில் என்னிடம் இந்த அறுவை சிகிச்சையைப் பற்றிக் கேட்பதுண்டு. கூடவே “நாளைக்கு ஏதாவது ஆயிட்டா…” என்று இழுப்பார்கள்.

அவர்களிடம் நான் ஒளிவுமறைவில்லாமல் சொல்வேன். கர்ப்பப்பையை எடுத்தால் கர்ப்பம் நிற்கும், துன்புறுத்தல் நிற்காது. துன்புறுத்தல் நடந்தது என்பதை வெளியே காட்டிக்கொடுத்திருக்கக்கூடிய ஒரு தடயம்தான் இல்லாமல் போகும். அதனால் நிம்மதி அடையப்போவது குற்றவாளி மட்டும்தான்.

மறுக்கப் பழக்குவது எப்படி

கனடாவில் அறிவுசார் குறைபாடுள்ளவர்களோடு வாழ்நாள் முழுக்க வேலை செய்தவர் டேவ் ஹிங்ஸ்பர்கர். துன்புறுத்தலுக்கு ஆளானவர்களையும் தவறு செய்து மாட்டிக்கொண்டவர்களையும் ஒருசேரப் பார்த்தவர். கீழ்ப்படியப் பழக்கியே இவர்களைப் பலிகடா ஆக்குகிறோம் என்று தொண்ணூறுகளிலேயே எழுதினார். வாழ்க்கையில் எதற்குமே மறுப்புச் சொல்ல விடாமல் வளர்த்துவிட்டு, உடம்பைத் தொடுகிறவனிடம் மட்டும் மறுப்புச் சொல் என்றால் எப்படிச் சொல்வார்கள் என்பது அவருடைய வாதத்தின் சாரம்.

எங்கள் வகுப்பில் இதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் ஆரம்பிக்கிறோம். தட்டில் உப்புமா வைக்கும் முன், “உப்புமா வேணுமா, வேண்டாமா?” என்று கேட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டும். பத்து விநாடியாவது காத்திருக்க வேண்டும். அவர்களுக்குக் கேள்வி போய்ச் சேரவும் பதில் உருவாகவும் நேரம் பிடிக்கும். ஒரு பையன், வயது பதினேழு, பேச்சு ஓரிரண்டு சொல்தான். முதல் நாள்களில் எதைக் கேட்டாலும் தலையாட்டுவான். வேணுமா என்றாலும் ஆட்டுவான், வேண்டாமா என்றாலும் ஆட்டுவான். முகம் மட்டும் சுளிக்கும். ஒருநாள் தட்டைக் கையால் தள்ளினான். ஆயாம்மா, “என்ன திமிரு பாரு” என்று தட்டைத் திரும்ப அவன் பக்கம் நகர்த்தப் போனார். “அக்கா, இருக்கட்டும். அவன் வேண்டாம்னு சொல்றான். எடுத்துருங்க” என்றேன். அவனைப் பார்த்து, “வேண்டாமா? சரி, எடுத்துடறோம்” என்றேன். தட்டு உண்மையிலேயே போனதும் அவன் என்னை நிமிர்ந்து பார்த்தான். அடுத்த வாரம் உள்ளங்கையை விரித்து நிறுத்துகிற சைகையோடு “ம்ம்டா” என்றான். இப்போது அவன் வேனில் பக்கத்துப் பையன் மேலே சாய்ந்தால்கூட அந்தக் கையைக் காட்டுகிறான்.

பள்ளியில் இப்படி ஆரம்பித்தால் வீட்டிலும் தொடர வேண்டும். எந்தச் சட்டை என்று கேளுங்கள். முத்தம் கொடுக்கட்டுமா என்று பாட்டியும் கேட்கட்டும். “மாமாவுக்கு ஒரு முத்தம் குடு, குடுத்தாத்தான் சாக்லேட்” என்று விருந்தாளி முன்னால் பிள்ளையைத் தள்ளுவதை இன்றோடு நிறுத்துங்கள். உடம்பைக் கொடுத்துத் தின்பண்டம் வாங்கலாம் என்ற பாடத்தை நம் வீட்டுக் கூடத்திலேயே நாம் நடத்தக் கூடாது.

மருந்து சாப்பிடுவது, சாலையில் கைபிடித்து நடப்பது போன்ற சிலவற்றில் பிள்ளை மறுத்தாலும் விட முடியாது. அங்கே ஏன் என்று காரணம் சொல்லுங்கள். ‘இது கட்டாயம், ஆனா எந்தக் கையப் பிடிச்சுக்கறது, நீ சொல்லு’ என்று ஒரு தேர்வையாவது அவர்கள் கையில் கொடுங்கள்.

படப் புத்தகத்தில் இல்லாத பக்கம்

பேச்சு வராத பிள்ளைகளுக்கு ஒரு படப் புத்தகம் செய்துகொடுப்போம். கையடக்க ஆல்பம். லேமினேட் செய்த படங்களை வெல்க்ரோவில் ஒட்டியிருப்போம். தண்ணீர், இட்லி, வேன், பாத்ரூம், டிவி, ஊஞ்சல் என்று வேண்டியதைப் பிள்ளை தொட்டுக் காட்டும்.

வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்த ஒரு பெண்ணின் ஆல்பத்தை உட்கார்ந்து முழுதாகப் புரட்டிப் பார்த்தேன். உடல் உறுப்புகள் பக்கத்தில் கண், காது, மூக்கு, வாய், கை, வயிறு, கால் இருந்தன. வயிற்றுக்கும் காலுக்கும் நடுவில் ஒன்றுமில்லை. மார்பும் இல்லை. ‘சந்தோஷம்’ இருந்தது. ‘வலிக்குது’, ‘பயமா இருக்கு’, ‘நிறுத்து’ மூன்றும் இல்லை. ஆட்கள் பக்கத்தில் அம்மா, அப்பா, பாட்டி, டீச்சர். வேன் அண்ணன் இல்லை, தெரபி சார் இல்லை, மாமா இல்லை. யாராவது அவளுக்குத் தீங்கு செய்திருந்தால், எங்கே, யார், என்ன என்று காட்ட அந்த ஆல்பத்தில் ஒரு படம்கூடக் கிடையாது.

அந்தப் பக்கங்களைச் சேர்த்தோம். ஆண் உடம்பு, பெண் உடம்பு முழு வரைபடம், மேலே சொன்ன மூன்று சொற்கள், அவளைச் சந்திக்கும் அத்தனை பேரின் போட்டோ. அம்மா தயங்கினார். “வீட்டுக்கு வர்றவங்க பொரட்டிப் பார்த்தா என்ன நினைப்பாங்க டீச்சர்?” அப்பாதான் பதில் சொன்னார்: “பார்க்கட்டும்மா. இவளுக்குச் சொல்லத் தெரியும்னு பார்க்கறவனுக்கும் தெரியட்டும்.”

அந்த மனிதர் சொன்னதைவிடத் தெளிவாக யாரும் சொல்ல முடியாது. சொல்லத் தெரிந்த பிள்ளையை நெருங்க யாரும் யோசிப்பார்கள்.

குட் டச், பேட் டச் போதாது

பள்ளிகளில் சொல்லித்தரும் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் பாடம் நம் பிள்ளைகளுக்கு அப்படியே பொருந்துவதில்லை. அந்தரங்க உறுப்பை யாரும் தொடக் கூடாது என்றால், கழிவறையில் கழுவிவிட ஆள் தேவைப்படும் பிள்ளைக்கு அந்த விதி காலை ஏழு மணிக்கே உடைந்துவிடுகிறது. கெட்ட தொடுதல் வலிக்கும் என்றும் சொல்ல முடியாது. ஏமாற்றுகிறவன் வலிக்காமல், கொஞ்சி, போன் கொடுத்து, பரோட்டா வாங்கிக்கொடுத்துத்தான் ஆரம்பிப்பான்.

அதனால் உணர்ச்சியை வைத்துச் சொல்லித்தராமல் விதியாகச் சொல்லித்தர வேண்டும். யார், எங்கே, எதற்கு என்ற மூன்று கேள்விகள். கழுவிவிடுவது அம்மா, இல்லையென்றால் ஆயாம்மா. இடம் பாத்ரூம். வேலை சுத்தம் செய்வது. வேறு ஆள், வேறு இடம், வேறு காரணம் என்றால் கையைக் காட்டி நிறுத்து, வந்து சொல். தொடுகிறவரும் ஒவ்வொரு முறையும் கேட்க வேண்டும்: “பேன்ட் கழட்டட்டுமா?” பிள்ளை தலையசைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். கேட்டுத் தொடுவதே வழக்கமாகிவிட்டால், கேட்காமல் தொடுகிறவன் உடனே வித்தியாசமாகத் தெரிவான்.

வட்டங்களை வைத்துச் சொல்லித்தருவதும் நன்றாக வேலை செய்கிறது. எண்பதுகளில் அமெரிக்காவில் லெஸ்லி வாக்கர்-ஹிர்ஷ் உருவாக்கிய முறை இது. தரையில் வண்ண வண்ணமாக வட்டங்கள் போட்டு, நடுவில் பிள்ளையை நிறுத்துவோம். கட்டிப்பிடிக்கிறவர்கள் ஒரு வட்டம், கை குலுக்குகிறவர்கள் ஒரு வட்டம், தூரத்திலிருந்து கையசைக்கிறவர்கள் ஒரு வட்டம். அந்தந்த ஆளின் போட்டோவை அந்தந்த வட்டத்தில் பிள்ளையே வைக்கும். எங்கள் ஊரில் கை குலுக்குவதற்குப் பதில் வணக்கம் வைத்திருக்கிறோம், அவ்வளவுதான் மாற்றம். யாரை எந்த வட்டத்தில் வைக்கிறது என்று கவனித்தாலே சில சமயம் நமக்கு விஷயம் தெரிந்துவிடும்.

உடம்பும் நடத்தையும் சொல்வது

பேசத் தெரியாத பிள்ளையும் சொல்லிக்கொண்டுதான் இருக்கும். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பிள்ளை வேனைப் பார்த்ததும் வாசல் கம்பியைப் பிடித்துக்கொள்ளும். நின்றுபோன படுக்கை ஈரம் திரும்ப வரும். குளிக்கக் கூப்பிட்டால் அலறும். ஒன்றின் மேல் ஒன்றாக உடை போட்டுக்கொள்ளும். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும், கடித்துக்கொள்ளும். சிறுநீர் போகும்போது எரிச்சல், உள்ளாடையில் கறை, மாதவிடாய் தள்ளிப்போவது, காரணம் தெரியாத புதுப் பொருளோ பணமோ கையில் இருப்பது.

மற்றப் பிள்ளையிடம் இதைப் பார்த்தால் என்ன நடந்தது என்று கேட்போம். நம் பிள்ளையிடம் பார்த்தால், ‘இது இப்படித்தான், வயசுக்கு வந்ததிலேருந்து பிடிவாதம்’ என்கிறோம். டாக்டரிடம் போய் மாத்திரையைக் கூட்டிக் கேட்கிறோம். நடத்தை திடீரென்று மாறினால் குறைபாட்டின் மேல் பழியைப் போடும் முன், அந்த வாரத்தில் பிள்ளையின் வாழ்க்கையில் யார் புதிதாக வந்தார், யாரோடு தனியாக இருந்தது என்று முதலில் பாருங்கள். எல்லா மாற்றத்துக்கும் துன்புறுத்தல்தான் காரணம் என்றில்லை. பல்வலியாகவும் இருக்கலாம். ஆனால் பார்க்காமல் விடக் கூடாது.

பிள்ளை சொல்லிவிட்டால்

முதலில், நம்புங்கள். “நீ சொன்னது நல்லது. உன் மேல தப்பு இல்ல” என்று சொல்லுங்கள். அடுத்தது, குடைந்து குடைந்து கேட்காதீர்கள். ஆமாம், இல்லை என்று பதில் வரும் கேள்வி கேட்டால் நம்மைத் திருப்திப்படுத்தப் பிள்ளை ஆமாம் என்றே சொல்லும். “மாமாவா பண்ணினாரு?” என்று கேட்காமல், “அப்புறம் என்ன ஆச்சு?” என்று மட்டும் கேளுங்கள். பிள்ளை சொன்ன சொல்லை, காட்டிய சைகையை, அப்படியே தேதி போட்டு எழுதி வையுங்கள். திருத்தி நல்ல தமிழில் எழுத வேண்டாம். குளிப்பாட்ட வேண்டாம். உடுத்தியிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் வையுங்கள்.

18 வயதுக்குக் கீழ் என்றால் 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டம். துன்புறுத்தல் நடந்தது தெரிந்தும் புகார் செய்யாமல் இருப்பதே அந்தச் சட்டப்படி குற்றம். பள்ளி, விடுதி போன்ற நிறுவனத்தின் பொறுப்பாளர் மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும் உண்டு. ‘பள்ளிக்கூடத்துப் பேர் கெட்டுடும், நமக்குள்ளேயே பேசி முடிச்சுக்கலாம்’ என்று யார் சொன்னாலும், அவர் உங்களையும் ஒரு குற்றத்துக்குக் கூப்பிடுகிறார். பிள்ளையின் மனக் குறைபாட்டையோ உடல் குறைபாட்டையோ சாதகமாக்கிக்கொண்டு செய்த வன்கொடுமையை இந்தச் சட்டம் கடுமையான வகைக் குற்றமாகவே வைத்திருக்கிறது.

வாக்குமூலம் வாங்க ஸ்டேஷனுக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போக வேண்டியதில்லை. வீட்டிலோ பிள்ளைக்குப் பிடித்த இடத்திலோ வாங்கலாம். காவலர் சீருடையில் வரக் கூடாது. கூடியவரை பெண் உதவி ஆய்வாளர் வர வேண்டும். பிள்ளையின் சைகையும் பேச்சும் புரிந்த சிறப்பாசிரியரை, அல்லது பழகிய ஒருவரை, உடன் வைத்துக்கொள்ளச் சட்டத்தில் இடம் இருக்கிறது. விசாரணை நடக்கும் நீதிமன்றத்திலும் அப்படியே. இதைக் கேட்டு வாங்குங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் தானாகக் கிடைப்பதில்லை. மாற்றுத்திறனாளியின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் முன் வீடியோவில் பதிவு செய்தால், அதையே முதல் விசாரணைச் சாட்சியமாக எடுத்துக்கொள்ளலாம். பிள்ளை அதே கதையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியதில்லை. மருத்துவப் பரிசோதனைக்கு எஃப்ஐஆர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். அரசு மருத்துவமனையோ தனியார் மருத்துவமனையோ, முதல் சிகிச்சையை இலவசமாகக் கொடுத்தே தீர வேண்டும்.

‘இதுக்குச் சாட்சி சொல்லத் தெரியுமா, கோர்ட்டுல நிக்குமா’ என்று யாராவது கேட்டால், 2021 ஏப்ரல் 27 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னதைச் சொல்லுங்கள். ஆந்திராவில் பார்வையற்ற பட்டியல் சாதிப் பெண் ஒருவர் வன்கொடுமைக்கு ஆளான வழக்கில் நீதிபதிகள் சந்திரசூட், எம்.ஆர். ஷா அமர்வு தீர்ப்பளித்தது. மாற்றுத்திறனாளி என்ற ஒரே காரணத்துக்காக ஒருவருடைய சாட்சியத்தை மற்றவர் சாட்சியத்தைவிடத் தாழ்வாக மதிக்கக் கூடாது என்று அந்தத் தீர்ப்பு உறுதியாகச் சொன்னது.

பதினெட்டு ஆனதும்

இங்கேதான் பல பெற்றோருக்கு அதிர்ச்சி காத்திருக்கிறது. மகளுக்கு வயது இருபத்தைந்து, மனதளவில் ஆறு வயதுக் குழந்தை. அவளுக்குப் போக்சோ பொருந்தாதா? பொருந்தாது. 38 வயதான, மூளை முடக்குவாதம் கொண்ட ஒரு பெண்ணின் வழக்கில் இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. சட்டம் சொல்லும் வயது உடம்பின் வயதுதான், மனதின் வயது அல்ல என்று 2017 ஜூலை 21 அன்று தீர்ப்பானது. பாரதிய நியாய சன்ஹிதாவில் மாற்றுத்திறனாளிப் பெண்ணை வன்புணர்வு செய்தால் குறைந்தது பத்தாண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. ஆனால் குழந்தைக்கு என்று போக்சோ கட்டிவைத்த ஏற்பாடுகளை அவள் முழுதாகப் பெற முடியாது.

மகன்களின் நிலை இன்னும் மோசம். பையனுக்கு என்ன ஆகிவிடும் என்று பெற்றோர் அலட்சியமாக இருக்கிறார்கள். பையன்களும் துன்புறுத்தப்படுகிறார்கள். 18 வரை போக்சோ ஆண், பெண் இருவரையும் காக்கிறது. அதன் பிறகு வன்புணர்வுச் சட்டம் பெண்ணை மட்டுமே பாதிக்கப்பட்டவராகப் பார்க்கிறது. 2024 ஜூலை 1 முதல் இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தபோது, ஆண்கள் மீதான வன்புணர்வுக்கும் பயன்பட்டுவந்த பழைய 377ஆம் பிரிவும் போய்விட்டது. பத்தொன்பது வயது அறிவுசார் குறைபாடுள்ள மகனுக்கு இந்தக் கொடுமை நடந்தால், அதற்குத் தகுந்த கனமுள்ள சட்டப் பிரிவு இன்று நம்மிடம் இல்லை. பெற்றோர் சங்கங்கள் இதை உரக்கக் கேட்க வேண்டும்.

பூட்டி வைப்பது பாதுகாப்பு அல்ல

பயத்தில் சிலர் பள்ளியை நிறுத்திவிடுகிறார்கள். சிலர் நம்பிக்கையான விடுதியாகத் தேடிச் சேர்த்துவிட்டு, ‘இனி கவலையில்லை’ என்கிறார்கள். சண்டிகரில் அரசு இல்லத்தில் இருந்த ஒரு பெண் அங்கேயே வன்கொடுமைக்கு ஆளாகிக் கர்ப்பமானார். அவருடைய சம்மதம் இல்லாமல் கருவைக் கலைக்க முடியாது என்று 2009இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்த வழக்கில் இரண்டு பாடங்கள் இருக்கின்றன. சுவர் உயரமாக இருப்பதால் மட்டும் எந்த இடமும் பாதுகாப்பாகிவிடாது. அறிவுசார் குறைபாடு இருக்கிறது என்பதற்காக அவர் விருப்பத்தைக் கேட்காமல் யாரும் அவருக்காக முடிவெடுத்துவிடவும் முடியாது.

தனிமைதான் குற்றவாளிக்கு வசதி. நாலு பேர் பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைக்கு, கோயிலுக்கும் கடைக்கும் போய்வரும் பிள்ளைக்கு, தோழிகள் இருக்கும் பிள்ளைக்கு ஏதாவது ஆனால் கவனிக்க நாலு கண்கள் இருக்கும். நட்பும் அன்பும் அவர்களுக்கும் வேண்டும். தன்னை உண்மையில் மதிக்கிறவர்களோடு பழகிய பிள்ளைக்கு, மதிப்பதாக நடிக்கிறவனை அடையாளம் காண்பது கொஞ்சமாவது எளிது.

நீங்கள் பிள்ளையை விடும் பள்ளிக்கோ தெரபி மையத்துக்கோ இந்த வாரமே போய்ச் சில கேள்விகள் கேளுங்கள். என் பிள்ளையைக் கழிவறைக்கு யார் கூட்டிப்போகிறார்கள்? தெரபி அறைக் கதவில் கண்ணாடி இருக்கிறதா? வேனில் கடைசியாக இறங்கும் பிள்ளையோடு ஓட்டுநர் தவிர வேறு யார் இருக்கிறார்கள்? வேலைக்கு எடுத்தவர்களைப் பற்றி போலீஸில் விசாரித்தீர்களா? சொல்லாமல் கொள்ளாமல் நான் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமா? நல்ல நிறுவனம் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படாது. கோபப்படுகிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள்.

சிறப்பாசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை பயிற்சித் திட்டம் எழுதும்போது, கட்டளைகளைப் பின்பற்றுவது என்ற இலக்குக்குப் பக்கத்திலேயே, பிடிக்காததை மறுப்பது என்ற இலக்கையும் எழுதுங்கள். பிள்ளை மறுக்கும்போது அதையும் முன்னேற்றமாகவே குறித்து வையுங்கள். பெற்றோர்களே, போனை எடுத்து இரண்டு எண்களை இப்போதே பதிந்துகொள்ளுங்கள். 18 வயதுக்குக் கீழ் என்றால் 1098, பெண்களுக்கு 181. இரண்டும் இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகின்றன, இரண்டும் இலவசம்.